ஸாத் எப்போது ஸத்த் ஆனது? இந்தோ-ஆரிய மொழிகளில் மெய்யின் நீளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழுக்கு இந்தியில் ஸாத், பஞ்சாபியில் ஸத்த். கைக்கு ஹாத், ஹத்த். வேலைக்கு காம், கம்ம். இந்தி கொஞ்சம் தெரிந்து, அமிர்தசரஸ் பக்கம் போனவர்களுக்கும், தில்லியில் பஞ்சாபி அக்கம்பக்கத்தாரோடு குடியிருப்பவர்களுக்கும் இந்த வித்தியாசம் உடனே காதில் விழும். அதையொட்டியும், சமஸ்கிருதத்தோடு உறவுள்ள மற்ற வட இந்திய மொழிகள், சிங்களம் முதலிய இந்தோ-ஆரிய மொழிகளையொட்டியும் எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

மெய்யெழுத்துக்கு நீளமா? குறில் நெடில் உயிருக்குத்தானே?

மெய்யும் நீளும். பலி, பல்லி என்று சொல்லிப் பாருங்கள். புளி, புள்ளி. கனி, கன்னி. 'பல்லி'யில் லகரத்தை நாம் இரண்டு தடவை ஒலிப்பதில்லை. நாக்கு மேலே தொட்ட இடத்திலேயே சற்றுத் தங்கிவிட்டுப் பிறகு விடுகிறது. வல்லினமாக இருந்தால் காற்றை அடைத்துவைக்கும் நேரம் நீள்கிறது. உலக மொழிகளில் அளந்து பார்த்தால், இரட்டை மெய் ஒற்றை மெய்யைவிட ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை நேரம் எடுக்கிறது.

அந்த நீளம் மட்டுமே இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டினால், அந்த மொழியில் மெய்யின் நீளத்துக்குப் பொருள் வேறுபடுத்தும் வேலை இருக்கிறது என்று அர்த்தம். இந்தியில் கலா என்றால் தொண்டை, கல்லா என்றால் பணப்பெட்டி (இரண்டுக்கும் முதல் எழுத்து 'கங்கை'யின் ககரம்). நம் கடைகளில் இருக்கும் கல்லாப்பெட்டி இந்தக் கல்லாதான். பஞ்சாபியில் தஸ் என்றால் பத்து, தஸ்ஸ் என்றால் 'சொல்லு'. கலா என்றால் கலை, கல்லா என்றால் தனி ஆள். வங்காளத்தில் கானா என்றால் ஒற்றைக்கண் உடையவர், கான்னா என்றால் அழுகை. சிங்களத்தில் மல என்றால் பூ, மல்ல என்றால் பை.

இந்தச் சொற்களைத் தமிழில் எழுதினால் சரியாக வருமா?

மெல்லினம், இடையினம், ஸகரம் என்றால் ஒழுங்காக வரும். அதனால்தான் மேலே அந்த மாதிரி சொற்களாகப் பார்த்து எடுத்தேன். வல்லினத்தில்தான் சிக்கல். நம் எழுத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றைத் தகரம் வந்தால் அது தானாகவே மெலிந்துவிடும். 'பதம்' என்பதில் வருவது 'தலை'யின் தகரம் இல்லை. 'பத்து' என்று இரட்டித்தால்தான் அது வலுவாக ஒலிக்கும். இந்தியில் ஒற்றையாகவும் வலிந்தும் தகரம் வரலாம், இரட்டையாகவும் மெலிந்தும் வரலாம். இரண்டுக்கும் நம்மிடம் எழுத்து கிடையாது.

ஆகவே இந்தப் பக்கத்தில் ஓர் ஏற்பாடு. ஒற்றையா இரட்டையா என்பதை மட்டும் எழுத்தில் காட்டியிருக்கிறேன். க, ச, ட, த, ப ஐந்தும் அந்தந்த வர்க்கத்தின் நான்கு ஒலிகளுக்கும் (வலிந்தது, மெலிந்தது, இவை இரண்டும் ஹகரம் போன்ற மூச்சொலி சேர்ந்து வருவது) பொதுவாக நிற்கும். மெலிந்த சகரத்துக்கு மட்டும் ஜ. தேவைப்படும் இடத்தில் எந்த ஒலி என்று சொல்லிவிடுகிறேன்.

பஞ்சாபிக்காரர்கள் ஏன் இந்திச் சொற்களை இப்படி அழுத்திச் சொல்கிறார்கள்?

அவர்கள் எதையும் அழுத்தவில்லை. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். தலைகீழாகக் கேட்கப்படும் கேள்வியும் இதுதான். ஸத்த் பழைய வடிவம், ஸாத் பின்னால் வந்தது. இரட்டையைக் கைவிட்டது இந்திதான். பஞ்சாபி அதை அப்படியே வைத்திருக்கிறது.

வரிசையாகப் பார்த்தால் தெளிவாகும். சமஸ்கிருதத்தில் சப்த. அதற்குப் பிந்திய பேச்சுவழி மொழிகளான பிராகிருதங்களிலும், பௌத்த நூல்களின் மொழியான பாலியிலும் ஸத்த. அதிலிருந்து பஞ்சாபி ஸத்த், இந்தி ஸாத். அதே போல ஹஸ்த (கை), ஹத்த, ஹத்த், ஹாத். கர்ம (செயல்), கம்ம, கம்ம், காம். கர்ண (காது), கண்ண, கன்ன், கான். அத்ய (இன்று), அஜ்ஜ, அஜ்ஜ், ஆஜ். துக்த (பால்), துத்த, துத்த், தூத். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிடுங்கள். கடைசி உயிர் உதிர்ந்ததைத் தவிரப் பெரிய மாற்றமில்லை. நான்காவதில்தான் மெய் ஒற்றையாகி, அதற்கு முன்னால் இருந்த குறில் நெடிலாகியிருக்கிறது.

பஞ்சாபி எல்லாவற்றிலும் பழமையைக் கட்டிக் காக்கிறது என்று இதை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். 'துத்த்' என்பதன் கடைசி மூச்சொலி பஞ்சாபியில் போய்விட்டது. அதற்குப் பதிலாக உயிரின் சுருதி ஏறுகிறது. பஞ்சாபி சுருதி பேதத்தால் பொருள் மாறும் மொழி. அந்த விஷயத்தில் இந்திதான் பழமைவாதி. இரவுக்கு இந்தியைப் போலவே பஞ்சாபியிலும் ராத் என்றுதான் சொல்கிறார்கள், நெடிலோடு. நான் சொல்வது பொதுப்போக்கு. விலக்குகள் நிறைய உண்டு.

முதலில் அந்த இரட்டை எங்கிருந்து வந்தது?

மெய்ம்மயக்கத்திலிருந்து. சமஸ்கிருதத்தில் ப்த, ஸ்த, ர்ம, த்ய, க்த என்று வெவ்வேறு மெய்கள் அடுத்தடுத்து வரும். பேச்சு வழக்கில் ஒன்று மற்றொன்றைப் போலாகி, இரண்டும் ஒரே மெய்யாக இரட்டித்தன. தர்ம என்பது தம்ம ஆனது, புத்ர என்பது புத்த ஆனது (மகன்), அக்னி என்பது அக்கி ஆனது, சத்ய என்பது ஸச்ச ஆனது.

திராவிட மொழிகளின் தாக்கத்தால்தான் இப்படி ஆனதா என்று நம்மவர்கள் ஆசையோடு கேட்பதுண்டு. தாக்கம் இருந்திருக்கலாம், ஆனால் இதை விளக்க அது கட்டாயம் தேவைப்படவில்லை. இத்தாலியிலும் இதேதான் நடந்தது. இலத்தீனில் ஏழு செப்தெம், எட்டு ஒக்தோ. இத்தாலியனில் செத்தே, ஒத்தோ. சப்தவும் செப்தெமும் ஒரே மூலத்திலிருந்து வந்த சொற்கள் என்பதால் ஒப்பீடு இன்னும் பொருந்திப் போகிறது. அங்கே திராவிட மொழி எதுவும் பக்கத்தில் இல்லை.

தமிழோடு நிஜமான தொடர்பு வேறிடத்தில் இருக்கிறது. பௌத்தம், சமணம் வழியாகப் பிராகிருதச் சொற்கள் இந்த இரட்டித்த கோலத்திலேயே தமிழுக்குள் வந்தன. பிட்சு என்பது சமஸ்கிருத வழி, பிக்கு என்பது பிராகிருத வழி. வித்தை ஒரு வழி, விச்சை இன்னொரு வழி. இயக்கி, தச்சன், தம்மம் எல்லாம் பிராகிருத வாசலில் நுழைந்தவை.

இரட்டை போனால் உயிர் ஏன் நீள வேண்டும்?

செய்யுள் இலக்கணத்தில் லகு, குரு என்று பிரிப்பார்கள். நெடிலும் குரு, குறிலோடு ஒற்று சேர்ந்தாலும் குரு. 'ஸத்த' என்பதில் முதல் அசை 'ஸத்', குரு. இரட்டையை ஒற்றையாக்கினால் அது வெறும் 'ஸ' ஆகி லகுவாகிவிடும். ஒரு மாத்திரை குறைகிறது. அதை ஈடுகட்ட உயிர் நீள்கிறது, 'ஸா' மறுபடி குரு. மொழியியலில் இதை ஈடுசெய் நீட்டம் என்பார்கள். வட இந்தியச் சமவெளியில் இந்த மாற்றம் ஏறக்குறைய கி.பி. 1000-ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில், இன்றைய மொழிகள் உருவாகத் தொடங்கிய காலத்தில் நடந்தது.

இந்தக் கணக்கு எதிர்த் திசையிலும் வேலை செய்திருக்கிறது. பாலியில் நெடிலுக்குப் பின் இரட்டை மெய் பொதுவாக வராது. வந்தால் அசை மிதமிஞ்சிக் கனத்துவிடும். அதனால் சமஸ்கிருத மார்க (வழி) பாலியில் மக்க ஆனது, ராஜ்ய என்பது ரஜ்ஜ ஆனது, ராத்ரி என்பது ரத்தி ஆனது. நெடில் குறுகிவிட்டது. பிறகு ஆயிரம் ஆண்டு கழித்து ரத்தியின் இரட்டை ஒற்றையானபோது குறில் மறுபடியும் நீண்டு ராத் ஆனது. இந்தி ராத்தில் இருக்கும் ஆகாரம் சமஸ்கிருத ராத்ரியின் ஆகாரம் என்று தோன்றும். இல்லை. பழையது செத்து, புதிதாகப் பிறந்தது இது.

பாட்டு, கூத்து, தீர்ப்பு என்று நெடிலோடு இரட்டையையும் அதற்கு மேலும் அடுக்கிப் பழகிய தமிழருக்கு இந்தத் தடை உறைக்காது.

இரட்டிப்பதால் அந்த மெய்களுக்கு என்ன லாபம்?

உயிர் பிழைத்தது. சமஸ்கிருதத்தில் நூறுக்குச் சத, ஏழுக்குச் சப்த. சதவில் இரண்டு உயிர்களுக்கு நடுவே தகரம் தனியாக நின்றது. பிராகிருதங்களில் அப்படித் தனியாக மாட்டிக்கொண்ட வல்லினங்கள் மெலிந்து, தேய்ந்து, பலவும் மறைந்தேபோயின. சத என்பது ஸஅ ஆகி இன்று இந்தியில் ஸௌ. தகரத்தின் சுவடே இல்லை. சப்தவின் தகரம் ஸத்தவாக இரட்டித்திருந்ததால் தாக்குப்பிடித்து, இன்றும் ஸாத்தின் கடைசியில் நிற்கிறது. மாதா என்பது மாம் என்ற மூக்கொலிச் சொல்லாகச் சுருங்கியதும், பாத (கால்) என்பது பாவ் என்று தேய்ந்ததும் இதே கதைதான்.

இதிலிருந்து கையாளச் சுலபமான ஒரு விதி கிடைக்கிறது. இந்தி, குஜராத்தி, மராத்தி, வங்காளி எதுவானாலும், பரம்பரையாக வந்த சொல் ஒன்றின் நடுவிலோ கடைசியிலோ இன்று ஒற்றை வல்லினம் வலுவாக நின்றால், அது பெரும்பாலும் முன்னொரு காலத்தில் இரட்டையாகவோ மெல்லினத்தோடு சேர்ந்தோ இருந்திருக்கும்.

அசோகர் கல்வெட்டில் இரட்டை எழுத்தே இல்லையாமே? அப்போது இரட்டை இல்லை என்றுதானே அர்த்தம்?

எழுத்தில் இல்லை, பேச்சில் இருந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு பிராமிக் கல்வெட்டுகளில் இரட்டை மெய்களை ஒற்றையாகவே வெட்டினார்கள். பாலியில் பியதஸ்ஸி என்று இருக்கும் அசோகரின் பெயர் கல்லில் பியதஸி. புத்தரைக் குறிக்கும் புத்த என்பது புத. ஆனால் தம்ம என்று வரும்போது மட்டும் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் மூக்கொலியைக் காட்டும் அனுஸ்வாரப் புள்ளியை இட்டு, பிறகு மகரத்தை எழுதினார்கள். மெல்லினம் நீள்வதைக் காட்ட அவர்களிடம் ஒரு குறி இருந்தது, வல்லினத்துக்கு இல்லை. அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், இன்றைய பஞ்சாபி எழுத்தான குர்முகியும் கிட்டத்தட்ட இதையே செய்கிறது. வல்லினம் முதலியவற்றை இரட்டிக்க 'அத்தக்' என்ற சின்னப் பிறைக்குறியை முந்திய எழுத்தின் தலையில் போடுகிறார்கள். ஆனால் கம்ம், கன்ன் போன்ற சொற்களில் அத்தக் வராது. மூக்கொலிக்கான 'திப்பி' என்ற குறியைப் போட்டு, பிறகு ஒரே ஒரு மகரமோ னகரமோ எழுதுவார்கள். அசோகரின் எழுத்தர்கள் தம்மவுக்குச் செய்த அதே வித்தை. அத்தக் குறியும் பழையதல்ல. சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிபின் மூலத்தில் அது கிடையாது. இரட்டை எங்கே வரும் என்பது வாசிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாகிஸ்தான் பஞ்சாபில் அரபி வழி எழுத்தில் தஷ்தீத் என்ற குறி உண்டு. அதையும் பலர் போடுவதில்லை.

இந்தி இரட்டையைக் கைவிட்டது என்றால் அச்சா, பக்கா, பச்சா, மக்கன் எல்லாம் எப்படி வந்தன?

நியாயமான கேள்வி. இந்தியில் இரட்டை மெய் ஏராளம். பதா (முகவரி), பத்தா (இலை). பசா (மிஞ்சினான்), பச்சா (குழந்தை). பகா (வெந்தது), பக்கா (உறுதியானது) என்று ஜோடி ஜோடியாகக் காட்டலாம். (இந்த ஜோடிகளின் நடு எழுத்துகள் எல்லாம் வலிந்த ஒலி.) ஆனால் இந்த இரட்டைகள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இல்லை.

ஒரு கூட்டம் சமஸ்கிருதத்திலிருந்து பின்னாளில் நேரடியாக எடுத்தது: ஸத்தா (அதிகாரம்), உத்தர் (விடை, வடக்கு). இன்னொரு கூட்டம் அரபி, பாரசீகம் வழி வந்தது: இஜ்ஜத், முஹப்பத், ஹிஸ்ஸா. இவை இரண்டும் எளிது.

மூன்றாவதுதான் சுவாரசியம். இன்றைய பொது இந்திக்கும் உருதுவுக்கும் அடித்தளம் கடீபோலி. தில்லி, மீரட், முசாபர்நகர், பிஜ்னோர் வட்டாரப் பேச்சு. அதற்குத் தென்கிழக்கே மதுரா, ஆக்ரா பக்கம் பிரஜ், இன்னும் கிழக்கே அவதி. இவை இரட்டையை ஒழுங்காகக் கைவிட்ட பேச்சுகள். மேற்கே பஞ்சாபி, கைவிடாத மொழி. தில்லி இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பொது இந்தியில் இரண்டு விதமும் கலந்துவிட்டது. வெண்ணெய்க்குப் பிரஜில் மாகன், குஜராத்தியில் மாகண், பொது இந்தியில் மக்கன். உண்மைக்கு ஸச்சவிலிருந்து விதிப்படி வர வேண்டியது ஸாச். அது இன்றும் மூக்கொலி ஏறி 'ஸாஞ்ச் கோ ஆஞ்ச் நஹீ' (உண்மையை நெருப்பு சுடாது) என்ற பழமொழியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் தினப்பேச்சில் ஸச், குறிலோடு. பஞ்சாபி ஸச்ச் பக்கத்துச் சொல் இந்திக்குள் வந்து கடைசி இரட்டையை மட்டும் உதிர்த்துக்கொண்டது என்பதே பொருத்தமான விளக்கம். சொல்லின் கடைசியில் இரட்டையை இந்தி பொறுத்துக்கொள்வதில்லை. அரபி ஹக்க் (உரிமை) இந்தியில் ஹக், பஞ்சாபியில் ஹக்க்.

நான்காவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸாத் என்று எண்ணுகிறவர்களே எழுபதுக்கு ஸத்தர், இருபத்தேழுக்கு ஸத்தாயீஸ் என்கிறார்கள். எட்டு ஆட், இருபத்தெட்டு அட்டாயீஸ். சொல் நீண்டு, கனம் பின்னால் உள்ள அசைக்குப் போய்விட்டதால் முதல் அசை நீளவில்லை. பழைய இரட்டை அங்கே பத்திரமாக இருக்கிறது. கைவிலங்குக்கு ஹாத் இல்லாமல் ஹத்கடீ என்று குறிலோடு சொல்வதற்கும் காரணம் இதுவே.

எப்படியிருந்தாலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொது இந்தியில் இரட்டை மெய் பெரும்பாலும் குறிலுக்குப் பின்னால்தான் வரும்.

ஹரியாணாவில் ரோட்டி, பேட்டா என்று இரட்டித்துக் கேட்டேனே, நெடிலுக்குப் பின்னால்?

சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஹரியாணவியிலும் மீரட் பக்கத்து நாட்டுப்புறப் பேச்சிலும் நெடிலுக்குப் பின் இரட்டை சகஜம். பொது இந்தியின் தாய்வீட்டிலேயே இந்த வழக்கம் இருப்பதும், பாடப்புத்தக இந்தி அதை ஒதுக்கிவிட்டதும் கவனிக்க வேண்டியவை.

வண்டிக்கான சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாபியில் கட்டீ, ஹரியாணவியில் காட்டீ, இந்தியில் காடீ. முதல் இரண்டிலும் டகரம் இரட்டை, மெலிந்த ஒலி. மூன்றாவதில் ஒற்றை, அதுவும் டகரமாகவே இல்லாமல் நாக்கு வளைந்து ஒரு தட்டுத் தட்டும் வருடொலி. குதிரை கோடா, பையன் லட்கா, இவற்றிலும் வருடொலிதான். ஆனால் ஹட்டீ (எலும்பு), லட்டூ, அட்டா என்று இரட்டை வந்த இடத்தில் டகரம் டகரமாகவே நிற்கிறது. ஒற்றை என்றால் வருடு, இரட்டை என்றால் அடை. தமிழில் குடம், குட்டம் என்று சொல்லிப் பார்த்தால் நம் நாக்கும் ஏறத்தாழ அதையேதான் செய்கிறது.

சிந்தியில் எப்படி?

சிந்தி தனி வழி. இரட்டையை விட்டுவிட்டது, ஆனால் உயிரை நீட்டவில்லை. கை ஹது, காது கனு, வேலை கமு, ஏழு ஸத. கடைசிக் குற்றுயிரையும் வைத்துக்கொண்டிருக்கிறது. மாத்திரைக் கணக்கு இங்கே செல்லுபடியாகவில்லை.

அதற்காக இரட்டை தடயமில்லாமல் போய்விடவில்லை. சிந்தியில் நான்கு உள்வெடிப்பொலிகள் உண்டு. காற்றை வெளியே தள்ளாமல் குரல்வளையைக் கீழே இழுத்து ஒலிக்கும் ப, ட, ஜ, க. இவை இரண்டு இடங்களில் உருவாயின: சொல்லின் முதலில், அப்புறம் பழைய இரட்டை மெய் இருந்த இடத்தில். 'இன்று' என்பதற்குப் பிராகிருதம் அஜ்ஜ, சிந்தி அஜு, அந்த ஜகரம் உள்வெடிப்பு. 'முன்' என்று பொருள்படும் அக்க (சமஸ்கிருத அக்ர) சிந்தியில் உள்வெடிப்புக் ககரத்தோடு அகு. நீளமாக இருந்த வேற்றுமை ஒலிப்புமுறை வேற்றுமையாக மாறிக்கொண்டது. பஞ்சாபிக்கும் சிந்திக்கும் இடைப்பட்ட பாகிஸ்தான் பகுதியின் மொழியான சராய்கியில் உள்வெடிப்பும் உண்டு, இரட்டையும் உண்டு. இரண்டையும் விட மனமில்லை.

வங்காளிகள் லக்ஷ்மியை லொக்கி என்கிறார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. என் ரசனைக்கு இந்த விஷயத்திலேயே அழகான பகுதி இது. வங்காளத்தில் பரம்பரைச் சொற்கள் இந்தியைப் போலவே இரட்டையை விட்டவை: ஹாத், ஆஜ், காஜ் (வேலை, கார்யவிலிருந்து). வங்காளத்தில் உயிருக்குக் குறில் நெடில் பேதம் ஒழிந்துவிட்டதால் இங்கே நீட்டத்தின் சுவடு நீளமாக இல்லை. பழைய நெடில் தெளிந்த ஆகாரமாகவும், பழைய குறில் அகரம் ஒகரச் சாயலிலும் ஒலிக்கின்றன. அந்தத் தன்மை வேற்றுமை மட்டும் மிச்சம்.

பிறகு சமஸ்கிருதச் சொற்கள் இரண்டாம் தடவையாக உள்ளே வந்தன. எழுத்தில் சமஸ்கிருதம் அச்சு அசலாக இருக்கும். வாயில் பிராகிருதம் வரும். ஸத்ய என்று எழுதி ஷொத்தோ என்று படிப்பார்கள். பத்ம என்பது பொத்தோ, வித்யா என்பது பித்தா, விஸ்வ என்பது பிஷ்ஷோ, லக்ஷ்மி என்பது லொக்கி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிராகிருதம் செய்த அதே உருமாற்றத்தை அந்த நாக்கு மறுபடி செய்கிறது. ஒரே மூலத்திலிருந்து இரண்டு தலைமுறைச் சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் புழங்குகின்றன.

எழுத்தில் தலைகீழ்க் கதையும் உண்டு. ரகர ஒற்றுக்குப் பின் கர்ம்ம, தர்ம்ம என்று மெய்யை இரட்டித்து எழுதுவது வங்காளத்தில் வழக்கமாக இருந்தது. வாய் அப்படி இரட்டிப்பதில்லை. 1936-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் எழுத்துமுறை விதிகளை வகுத்தபோது அந்த இரட்டிப்பை நீக்கியது.

இன்னொன்று, வங்காளத்தில் உணர்ச்சிக்காகவும் இரட்டிப்பார்கள். ஷொபாய் என்றால் எல்லாரும். ஒருவர் விடாமல் எல்லாரும் என்றால் ஷொப்பாய். நாம் 'எவ்வளோ பெருசு' என்பதைப் 'பெர்ர்ருசு' என்று நீட்டுவதன் உறவுக்காரர், ஆனால் அங்கே அது எழுத்திலும் ஏறிவிட்டது.

மராத்தி, குஜராத்தி?

பொதுவாக இந்தி போலத்தான், சொல்லப்போனால் இந்தியைவிட ஒழுங்காக. ஒரு எச்சரிக்கை மட்டும்: இந்தியில் முகவரிக்குப் பதா, இலைக்குப் பத்தா என்று பாடுபட்டுப் பழகிவிட்டு மகாராஷ்டிரத்துக்குப் போனால், அங்கே முகவரியே பத்தாதான்.

சிங்களமும் இந்தோ-ஆரிய மொழிதானே?

ஆமாம். சிங்களம் ஆரம்பத்திலேயே பழைய இரட்டைகளையும் பழைய நெடில்களையும் இரண்டையும் இழந்தது. ஹத்த என்பது அத ஆகிவிட்டது (கை), கண்ண என்பது கண. ஆக, இன்று சிங்களத்தில் கேட்கும் இரட்டைகள் புதிதாக முளைத்தவை. எப்படி என்பதை ஒருமை பன்மையில் பார்க்கலாம். கிளைகள் அது, கிளை அத்த. தோட்டங்கள் வது, தோட்டம் வத்த. பைகள் மலு, பை மல்ல. உகரத்தில் முடியும் சொல்லோடு ஒருமை விகுதியான அகரம் சேரும்போது உகரம் கரைந்து முந்திய மெய்யை இரட்டித்துவிட்டது. இதனால் அத என்றால் கை, அத்த என்றால் கிளை என்று நல்ல ஜோடி கிடைத்தது. கொழும்பு மாளிகாவத்தை போன்ற ஊர்ப்பெயர்களில் இலங்கைத் தமிழர் 'வத்தை' என்று எழுதுவது இந்த 'வத்த'தான்.

ரோமானி?

ஐரோப்பாவில் ரோமா மக்கள் பேசும் ரோமானியில் காது கன், மூக்கு நக். இரட்டையும் இல்லை, நீட்டமும் இல்லை. கைக்கு வஸ்த், ஹஸ்தவின் ஸ்த இரட்டிக்காமலே அங்கே உயிரோடு இருக்கிறது.

தமிழருக்கு இந்தியின் பதா, பத்தா வேறுபாடு ஏன் பிடிபடுவதில்லை?

தமிழில் நீளம் இருக்கிறதே, சுலபமாக வர வேண்டுமே என்று தோன்றும். நடப்பது வேறு. நம் வல்லினத்தில் நீளமும் வலிவும் ஒட்டிப் பிறந்தவை. ஒற்றை என்றால் மெலிவு, இரட்டை என்றால் வலிவு. ஆகவே உயிர்களுக்கு நடுவே வலிந்த ஒலி கேட்டாலே காது அதை இரட்டை என்று முடிவு செய்துவிடுகிறது. இந்தியின் சபாதீயில் பகரமும் ஒற்றை, தகரமும் ஒற்றை. நமக்கு அது சப்பாத்தி. ரோடீ நமக்கு ரொட்டி. சித்தப்பாவுக்கு அவர்கள் சாசா, நாம் சாச்சா நேரு என்று எழுதினோம். எதிர்ப்பக்கத்தில், மெலிந்த இரட்டை நம்மிடம் இல்லாததால் அவர்களுடைய டப்பாவையும் லட்டுவையும் வலிந்த ஒலியாக்கிக்கொண்டோம்.

காதைப் பழக்க எதிலிருந்து தொடங்கலாம்?

மெல்லின, இடையினச் சொற்களிலிருந்து. அங்கே வலிவு மெலிவுக் குழப்பம் கிடையாது, நீளம் மட்டும்தான். கலா, கல்லா என்பதைத் தமிழர் யாரும் தவறவிடுவதில்லை. அப்புறம் பகா, பக்கா. ஒற்றையைச் சொல்லும்போது சொல்லின் முதலில் வரும் ககரத்தைப் போல நினைத்துக்கொண்டு, அடைத்தவுடன் விடுங்கள். மக்கன், அச்சா போன்று மூச்சொலி சேர்ந்த இரட்டைகளில் அடைப்பு ஒன்றுதான், மூச்சு கடைசியில் திறக்கும்போது மட்டும். இரண்டு தடவை ஊதக் கூடாது.

பஞ்சாபி பேசுபவர் பக்கத்தில் இருந்தால் ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லிக் கேளுங்கள். அதே எண்களை இந்திக்காரர் ஒருவரிடமும் கேளுங்கள். ஏக் இக்க் ஆகும், தீன் தின்ன் ஆகும், ஸாத் ஸத்த் ஆகும், ஆட் அட்ட் ஆகும். பத்து இரண்டிலும் தஸ்தான். பஞ்சாபிக்காரரிடம் அந்த ஸகரத்தைக் கொஞ்சம் நீட்டிவிட்டால் 'என்ன சொல்ல வேண்டும்?' என்று திருப்பிக் கேட்பார்.